மரக்காணத்தில் ஒரு மரத்தளம்

மார்கழிப் பனி அன்று கடற்கரையில் இறங்கி, வெகுநேரமாகியும் விலகவில்லை. சவுக்குத் தோப்பு பாதிக்கு மேல் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்த கடலைக் காணோம். அந்த வெள்ளைக்குள் என் வீட்டுக்காரர் நின்று, மரத்தளத்தின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

பலகைகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. உப்புக்காற்றும் வெயிலும் தின்று, அது என்ன மரம் என்றே தெரியாதபடி செய்திருந்தன. தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு பட்டை, வெல்லப்பாகின் நிறத்தில் மெதுவாக மேலே எழுந்து வந்தது. தேக்கு. இத்தனை வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறது.

நான் கையில் நீளமான துடைப்பத்தோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனியில் தண்ணீர்த் தூசி கலந்து, எது பனி, எது தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. புடவை நனைந்தது தெரியவில்லை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில், கல்யாண மண்டபத்து மேல்தொட்டிக்குள் இறங்கிக் கழுவியதை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "இந்தத் தொழிலில் உங்களுக்கு மறக்காத இடம் எது?" என்று கேட்டிருந்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த மரத்தளம்தான்.

டெக்கை எப்படிக் கழுவுவது

அந்த வேலை எங்களிடம் வந்த கதையே வேடிக்கை. மரக்காணத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு விருந்தினர் விடுதி. அதன் மேனேஜர் அம்மா போன் செய்தார். பட்டணத்துத் தமிழ்.

"எங்க டெக் ரொம்பக் கறுத்துப் போயிருக்கு. பொங்கலுக்கு கெஸ்ட் வர்றாங்க. அதுக்குள்ள கழுவிக் குடுப்பீங்களா?"

"டெக்ல தண்ணி பட்டா கெட்டுப் போயிடுமேம்மா. ரிப்பேர்காரர்கிட்டதான் காட்டணும்," என்றேன்.

"ரிப்பேர்காரரா? எதுக்கு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் டெக் என்றால் ஒன்றே ஒன்றுதான். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் டிவியோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடிப் படம் பார்த்த வீடியோ பெட்டி. அதைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்கிறாரே, படித்த அம்மாவாகத் தெரிகிறதே என்று எனக்குக் குழப்பம்.

"மரத்துல போட்ட தளங்க," என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கும் மணலுக்கும் நடுவுல. உக்காந்து கடலைப் பாக்கறதுக்கு."

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருன்னாங்க?"

"மரக்காணத்துக்குத் தெக்கால. பீச்சு மேலயேவாம்."

அவர் கை நிற்கவில்லை. ஹோஸை முழுவதும் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, வண்டியில் மாட்டினார்.

"வேணாம்னா சொல்லிடறேங்க," என்றேன்.

"வேணாம்னு சொன்னனா?" என்றார்.

மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போன டிராக்டர்

அவர் ஏன் அப்படிப் பதில் சொன்னார் என்று சொல்ல வேண்டுமானால், நான் அவரை முதலில் பார்த்த நாளுக்குப் போக வேண்டும்.

எனக்கு முகையூர்ப் பக்கம். அப்பாவுக்குச் சொந்த நிலம்; பெரும்பாலும் மல்லாட்டைதான், வேர்க்கடலைதான் போடுவோம். ஒரு தடவை மூட்டைகளை விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, டிராக்டரைக் கழுவ அப்பா ஒரு வாட்டர் சர்வீஸில் நிறுத்தினார். ஜவுளி எடுக்கவென்று நானும் கூடப் போயிருந்தேன்.

அங்கே வேலை பார்த்தவர்தான் ஏழுமலை. டிராக்டர் சக்கரத்தின் பள்ளங்களில் இறுகியிருந்த களிமண்ணை, ஒவ்வொரு பள்ளமாக, அவசரமே இல்லாமல் எடுத்தார். வெயில் சாய்ந்திருந்தது. அவர் அடித்த தண்ணீரின் புகையில் ஒரு சின்ன வானவில் நின்றது. அவர் கையை அசைக்கும்போதெல்லாம் அதுவும் அசைந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் கிடப்பது, மோட்டார் ஓடும்போது மட்டும் வருவது. இப்படிக் காற்றில் கலைந்து மிதக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் நடந்ததை இரண்டாவது வாரத்திலேயே எழுதிவிட்டேன். அப்பா பேசாமல் இருந்ததும், பிறகு அவரே எங்களைக் கூட்டிப்போய்த் திருவக்கரையில் மாலை மாற்ற வைத்ததும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்று வாக்கில் திண்டிவனத்தில் ரோட்டோரம் கொட்டகை போட்டு, சொந்தமாக வாட்டர் சர்வீஸ் ஆரம்பித்தோம். லாரி, பஸ், செங்கல் டிராக்டர். நாலுவழிச் சாலை வந்தபோது கொட்டகை போனது. கையில் இருந்ததைப் போட்டு ஒரு பிரஷர் மிஷினும் ஒரு குட்டியானை வண்டியும் வாங்கி, வேலை இருக்கிற இடத்துக்கு நாங்களே போகத் தொடங்கினோம். ரைஸ் மில், கோழிப்பண்ணை, பாசி பிடித்த மொட்டை மாடி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம்.

திருவக்கரையில் அன்று அவர் பக்கத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் சொன்ன வரை

அவருக்கு மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அவரும் அவருடைய அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் போய்வந்தவர்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது, கரைக்குப் பக்கத்திலேயே அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டது. அண்ணன் வலையில் சிக்கிக்கொண்டார். தம்பி நீந்திக் கரையேறினார்.

கரையில் அம்மா நின்றிருந்தார். "அண்ணனை விட்டுட்டு நீ மட்டும் வந்தியா?" என்று கேட்டார்.

இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில். காரியம் முடிந்த மறுநாளே ஊரை விட்டுக் கிளம்பி, விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். பிறகு போகவில்லை. நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "ஒரு வாட்டி போய்க்கினு வரலாங்க. என்னை அவங்க பார்த்ததே இல்ல."

"உனக்கு அந்த ஊரு தெரியாது, சரோஜா," என்பார். அதோடு சரி.

சுனாமி வந்த அன்று மட்டும், ரேடியோவில் கேட்ட உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கூட வருகிறேன் என்றதற்குக் காது கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் திரும்பினார். கணுக்கால் வரை சேறு.

"அம்மா இருக்குது," என்றார்.

"பேசினீங்களா?"

"ஸ்கூல் தாழ்வாரத்துல உக்காந்திருந்துச்சு. யாரோ குழந்தையை மடியில வெச்சிக்கினு." தண்ணீர் மொண்டு குடித்தார். "ரோட்டுல நின்னு பார்த்தேன். வந்துட்டேன்."

அன்றிரவு முழுவதும் புரண்டுகொண்டே இருந்தார்.

மீன்கூடைக்காரம்மா

இனி அந்த மார்கழிக் காலைக்கு வருகிறேன்.

மரத்தளத்தை வீட்டுப் பக்கமிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டு போவதுதான் முறை. அழுக்கெல்லாம் மணலில் போய் விழுந்துவிடும். அவர் கடல் முனையில் போய் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து அடித்தார். கறுப்புத் தண்ணீர் வாசற்படிக்கு ஓடி வந்தது. நான் அதைத் துடைப்பத்தால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

மரத்துக்குத் தண்ணீர் அடிப்பது லாரிக்கு அடிப்பது போல இல்லை. பிரஷரை நன்றாகக் குறைக்க வேண்டும். மரத்தின் ரேகை எப்படிப் போகிறதோ அப்படியே கூடப் போக வேண்டும். குறுக்கே அடித்தால் நார் நாராகக் கிளம்பிவிடும். அங்கே போர் தண்ணீர் உப்பு. அது மிஷினையும் தின்னும், மரத்தையும் தின்னும். அதனால் பெரிய டேங்கில் திண்டிவனத்திலிருந்தே நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம்.

பனி கொஞ்சம் கலைந்தபோது, சவுக்கு மரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் அலுமினியக் கூடை. விடுதிச் சமையலுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்று நினைத்தேன். ஆனால் போகாமல் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னாத்துக்கு அது இம்மாம் சத்தம் போடுது?" என்று கேட்டார்.

"மிஷினும்மா. பலகையைக் கழுவிக்கினு இருக்கோம்."

"கழுவி?"

"வெளியூர்க்காரங்க வந்து உக்காந்து கடலைப் பார்ப்பாங்களாம்."

"கடலையா," என்றார். அதை நன்றாக யோசிப்பவர் போல டீயை ஊதினார். பிறகு, "அங்க நிக்கறது யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருதான்."

"பேரு?"

கல்யாணமான புதிதில் அவர் பேரைச் சொல்ல நாக்கு எழாது. தொழிலுக்கு வந்து, போனில் பத்துப் பேரிடம் பேசப் பேச அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. "ஏழுமலை," என்றேன்.

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றி, காது, கை வளையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"புள்ளைங்க?"

"ஒரே பொண்ணும்மா. பத்தாவது படிக்கறா."

"யாரு ஜாடை?"

"அவரு ஜாடைதான்."

"அப்போ நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து போனார். பனி அவரை வாங்கிக்கொண்டது.

நான் ஒன்றும் தோன்றாமல் திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்தேன். வீட்டுக்காரர் தலையில் துண்டு, கண்ணில் பிளாஸ்டிக் கண்ணாடி, தண்ணீர்ப் புகைக்கு நடுவில் குனிந்தபடி நின்றார். எதையும் பார்க்கவில்லை.

மிஷின் நின்றபோது

மறுநாள் பனி இன்னும் கூடுதல். நான் கழுவி உலர்ந்த பலகைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடல் முனையில் மிச்சமிருந்த பலகைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா மறுபடி வந்தார். தலையில் கூடை இல்லை. துவைத்து மடித்த புடவை. எண்ணெய் வைத்து வாரிய தலை. சவுக்கு மரத்தடிக்குப் போகாமல் நேராக மரத்தளத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எழுந்து கிட்டே போனேன்.

"நீங்க..." என்றேன்.

"அஞ்சலை," என்றார். "சொல்லியிருப்பானே."

கையில் இருந்த மரத்தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏழுமல," என்று கூப்பிட்டார். சாதாரணக் குரல், வீட்டுக்குள்ளிருந்து தோட்டத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல். மிஷின் சத்தத்தில் அது எங்கே போய்ச் சேரும். மறுபடி கூப்பிட்டார். அவர் குனிந்தபடியே அடுத்த பலகைக்குப் போனார்.

மூன்றாவது தடவை கூப்பிட அந்த அம்மா வாயெடுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கு பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் மிஷினை நிறுத்தினேன்.

சட்டென்று கடல் வந்தது. அதுவரை அத்தனை சத்தம் அங்கே இருந்ததே தெரியவில்லை.

"தண்ணி தீந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் பார்த்தார்.

அம்மா ஈரப் பலகையில் காலை எடுத்து வைத்தார்.

"வழுக்கும்மா. பார்த்து வா," என்றார் அவர்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்த மகன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கா வழுக்கப் போவுது," என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா நடந்தார். கிட்டே போய் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னா கை இப்படி ஊறிக் கெடக்குது?"

"எந்நேரமும் தண்ணியிலதானே."

நான் போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் ஆரம்பித்தார், கீழே பலகையைப் பார்த்துக்கொண்டு.

"அன்னிக்கு நீ சொன்னது..."

"சொன்னேன். சொல்லலன்னு சொல்ல மாட்டேன்." அம்மாவின் குரல் அசையவில்லை. "அவன் வந்து நீ வராம இருந்திருந்தா, அவனையும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நீ ஏன் வந்தேன்னு கேக்கல, நைனா. அவன் எங்கன்னு கேட்டேன்."

"எனக்கு அப்படி விழல."

"தெரியும்."

அவர் தலையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் தண்ணீர் நிறைய இருந்தது. வேலை செய்கிறவர் முகத்தில் இருப்பதுதான்.

"சுனாமி அப்ப ஸ்கூலாண்ட வந்து நின்னியே," என்றார் அம்மா.

அவர் நிமிர்ந்தார். "பார்த்தியா?"

"பார்க்காம?"

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீ கூப்பிடுவேன்னு நான் உக்காந்திருந்தேன். நான் கூப்பிடுவேன்னு நீ நின்னே. பஸ்ஸு வந்துடுச்சு."

நான் அங்கிருந்து நகர்ந்து, வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கும் முகம் கழுவ வேண்டியிருந்தது.

எண்ணெய் குடித்த மரம்

அதன் பிறகு எல்லா நாளும் அத்தை வந்தார். ஆமாம், அன்றிலிருந்து அத்தை. தூக்குவாளியில் மீன்குழம்பு, ஒரு நாள் கேப்பைக் கூழ், ஒரு நாள் சுட்ட கருவாடு. நானும் வீட்டுக்காரரும் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஸ்க்ரூ போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். இடையில் தூங்கிவிடுவதும் உண்டு.

கடைசியில் மரத்துக்கு எண்ணெய் பூசினோம். துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, மரம் குடித்துக்கொண்டே இருந்தது. மதிய வெயிலில் எண்ணெய் வாசனையும் உப்புக்காற்றும் சேர்ந்து ஒரு கிறக்கம். பலகைகளுக்குள் ஆழத்தில் ஏதோ வெளிச்சம் இருப்பது போல இருந்தது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் அதைப் பார்த்தேனோ தெரியாது. மேனேஜர் அம்மா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று, "இது இப்படித்தான் இருந்துச்சா?" என்றார். அவர் வேலைக்கு வந்தபோதே அது சாம்பலாகத்தான் இருந்ததாம்.

அத்தையை உட்காரச் சொன்னார். "புடவையில எண்ணெ ஆயிடும்," என்று அத்தை மாட்டேன் என்றுவிட்டார்.

திண்டிவனம் வரை

சாமான்களை ஏற்றும்போது அத்தை வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேத்தியைப் பார்க்கணும்," என்றார், என்னிடம்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முன்பக்கக் கதவைத் திறந்து, இருக்கையைத் துண்டால் தட்டினார். "ஏறும்மா."

குட்டியானையில் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் பின்னால் ஏறி, காலி டேங்குக்கும் மிஷினுக்கும் நடுவில், சுருட்டி வைத்த ஹோஸின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மரக்காணம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் நின்ற தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. வண்டி அதன் நடுவில் மிதந்து போவது போல இருந்தது. வழக்கமாக ஜல்தியாகப் போகிறவர், அன்று மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். பஸ்கள், வேன்கள், ஒரு டிவிஎஸ் வண்டிகூட எங்களைத் தாண்டிப் போயின.

முன்னால் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. முதலில் இரண்டும் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கேயோ ஒரு இடத்தில் அத்தை கையை நீட்டி எதையோ காட்டினார். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் பேசினார், நிறைய நேரம் பேசினார். வீட்டில் அத்தனை நேரம் சேர்ந்தாற்போல அவர் பேசி நான் பார்த்ததில்லை. காற்றில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஹோஸில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி நின்றதில் விழித்தேன். எங்கள் தெரு. விளக்கு ஏற்றும் நேரம். சத்தம் கேட்டு என் மகள் வாசலுக்கு வந்தாள். முன்னால் யாரோ உட்கார்ந்திருப்பதையும், நான் பின்னால் ஹோஸின் மேல் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்து, "யாரும்மா?" என்று வாயசைத்தாள்.

நான் கையைக் காட்டி, கொஞ்சம் இரு என்றேன். வண்டிக்குள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.